வலி உள்ளவர்கள் இறுக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மகளிர் பக்கத்தில் அண்மையில் வந்த உடற்பயிற்சிக் குறிப்பைப் படித்தோம். இருமினால் தும்மினால் சிறுநீர் சிந்துவது, கருப்பை இறக்கம், தாம்பத்திய உறவின்போது வலி, அடிவயிற்றில் தீராத வலி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ‘கீழ்த் தசையை நாளுக்கு நூறு தடவை இறுக்குங்கள், சரியாகிவிடும்’ என்று முடித்திருந்தார்கள். வெளியே சொல்லவே எல்லோரும் கூசுகிற ஒரு விஷயத்தைத் தமிழில் அச்சில் போட்டதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடைசி வரி சிலருக்குத் தீங்கு செய்யும். சிந்துகிறவருக்கு உதவும் பயிற்சி, வலிக்கிறவருக்கு வலியைக் கூட்டும். யாங்கூனிலும் பெகு, மோல்மேன் பக்கத்து ஊர்களிலும் தமிழ் அச்சைக் கண்டால் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ளதை அப்படியே நம்பிச் செய்வார்கள். அதனால் இந்தக் கடிதம் நீண்டாலும் வெட்டாமல் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

பர்மிய மொழியில் கருப்பைக்கு ‘தா எய்ன்’ என்று பெயர். பிள்ளை வீடு என்று பொருள். அந்த வீட்டுக்குத் தரையாக இருப்பதுதான் இடுப்புத் தளத் தசை. முன்னால் அடிவயிற்றின் கீழே கை வைத்தால் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், பக்கவாட்டில் நாம் உட்காரும் இரண்டு எலும்புகள் வரைக்கும் தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கும். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் இருக்கின்றன. ஆண்களுக்கும் இதே தசை உண்டு. பெண்ணுக்கு மூன்று வாசல், ஆணுக்கு இரண்டு, அவ்வளவுதான் வேறுபாடு. மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை கீழே இறங்குகிறது, கூடவே இந்தத் தளமும் சற்று இறங்குகிறது. மூச்சை விடும்போது இரண்டும் ஏறுகின்றன. நல்ல தசைக்கு ஏறவும் தெரியும், இறங்கவும் தெரியும்.

கோளாறு இரண்டு விதமாக வரும். ஏறும் வலு இல்லாமல் தசை தளர்ந்துபோவது ஒன்று. இருமல், தும்மல், சிரிப்பு, தண்ணீர்க் குடம் தூக்குவது இவற்றின்போது சிறுநீர் சிந்தும்; காற்று அடக்க முடியாது; மாலையானால் கீழே ஏதோ பந்து இறங்கி நிற்பதுபோல் கனக்கும். இறங்கத் தெரியாமல் தசை இறுகிப்போவது இன்னொன்று. உட்கார்ந்தால் வலி, உறவின்போது வலி, வால் எலும்பில் வலி, சிறுநீர் கழிக்க உட்கார்ந்தும் உடனே வராமல் காத்திருப்பது, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, கிருமி எதுவும் இல்லை என்று சோதனை சொன்ன பிறகும் நீர்க்கடுப்பு. இறுகிய தசைக்கும் வலு குறைவுதான். நாள் முழுக்க மூடிய முஷ்டியால் ஒரு குடத்தைப் பிடித்துத் தூக்க முடியுமா? அதனால் சிலருக்கு வலியும் இருக்கும், சிந்தவும் செய்யும். இவர்கள்தான் ‘தசை பலவீனம்’ என்று தாங்களே முடிவுகட்டி இறுக்க ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் குறிப்பில் சொன்ன இறுக்கும் பயிற்சிக்குக் கீகல் பயிற்சி என்று பெயர். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதியது. அவர் ‘இறுக்குங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. விரலால் சோதித்துச் சரியான தசைதானா என்று பார்த்தார். அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் செய்து கொடுத்தார். சொல்வது மட்டும் போதாது என்பதை 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த பிறகு சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. கால்வாசிப் பேர், சிந்துவதை இன்னும் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார்கள். மேலே தூக்க வேண்டிய தசையைக் கீழ்நோக்கி முக்கித் தள்ளுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

முதலில் சிந்துகிறவர்களுக்கு. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். சபையில் உட்கார்ந்திருக்கும்போது காற்று வெளியேறாமல் தடுப்பதாக நினைத்து ஆசனவாயைச் சுருக்குங்கள். அதே இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். மூச்சை விட்டபடி தூக்குவது எளிது. தொடை, பிட்டம் இரண்டும் அசையக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது. சரியா என்று பார்க்க ஒரு சிறு கண்ணாடி போதும்: பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே புடைத்தால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று பொருள். உடனே நிறுத்திவிட்டுக் குறைந்த வலுவில் மறுபடி முயலுங்கள்.

3 முதல் 5 விநாடி பிடித்து, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். 8 தடவை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு 3 சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் வேகமாகச் சுருக்கி உடனே விடுவதை 5 முதல் 10 தடவை சேர்க்கலாம். வாரங்கள் போகப் போகப் பிடிக்கும் நேரத்தை 10 விநாடி வரை கூட்டுங்கள். பிறகு படுத்துச் செய்வதை உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதுதான்: 8 சுருக்கம், நாளுக்கு 3 முறை, குறைந்தது 3 மாதம், பயிற்றுநர் மேற்பார்வையில். நாளுக்கு நூறு என்பது அதில் இல்லை. களைத்த தசையை மேலும் மேலும் இறுக்கினால் பிட்டமும் தொடையும்தான் வேலை செய்யும். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தசை வளர 6 முதல் 12 வாரம் ஆகும்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வதும் காதில் விழுகிறது. எந்தத் தசை என்று கண்டுகொள்ள ஒரே ஒரு முறை செய்து பார்க்கலாம். தினமும் அப்படிச் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும்.

இருமல் வருவது தெரிந்தவுடன், இருமுவதற்கு முன்பே தசையை ஒரு தடவை சுருக்கிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வாளி தூக்கும் முன்பும், எழுந்திருக்கும் முன்பும் இதே. வலு வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். நேரம் பார்த்துச் சுருக்கத் தெரிந்தாலே ஒரு வாரத்தில் சிந்துவது குறைந்ததாக 1998இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. எங்களைக் கேட்டால், ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவருக்கு இதைத்தான் சொல்லுவோம்.

அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது, அவசரத்தில் வழியிலேயே போய்விடுகிறது என்பவர்களுக்கு வேறு முறை. முதலில் மூன்று நாள் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எப்போது என்ன குடித்தேன், எப்போது போனேன், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, சிந்தியதா. ஆரோக்கியமான சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். நாளுக்கு 6 முதல் 8 முறை போவது இயல்பு. ஒரு மணிக்கொரு தரம் போகிறவர் என்றால் இடைவெளியை 15 நிமிடம் கூட்டுங்கள். அது பழகியதும் இன்னொரு 15. அவசரம் முட்டும்போது ஓடாதீர்கள். உட்கார்ந்து ஐந்தாறு தடவை வேகமாகச் சுருக்கி விடுங்கள். அலை தணிந்த பிறகு நடந்து போங்கள். குறைந்தது 6 வாரம் வேண்டும். சந்தையில் கடை போட்டிருக்கும் பெண்கள் கழிப்பிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சுண்டிய நீர் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டி அவசரத்தைக் கூட்டும், மலத்தையும் கட்டிப்போடும். சாயாக் கடையில் நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பவர்கள் அதை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

கருப்பை இறக்கத்துக்கு ஒரு பத்தி போதாது, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறோம். இறங்கியது பிறப்பு வாசலைத் தாண்டாத தொடக்க நிலையில் மேற்பார்வையோடு குறைந்தது 16 வாரம் பயிற்சி செய்தால் கனமும் தொல்லையும் குறையும். வெளியே வந்துவிட்டால் பயிற்சி மட்டும் போதாது; உள்ளே வைக்கும் வளையமோ அறுவையோ என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நாற்று நடவும் தலைச்சுமையும் தவிர்க்க முடியாத வீடுகளில், பிள்ளை பெற்ற முதல் 6 வாரமாவது பிள்ளையைவிடக் கனமானதைத் தூக்கவிடாதீர்கள். வயிற்றைத் துணியால் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். மூச்சு இழுக்கச் சிரமம் இல்லாத அளவுக்குக் கட்டினால் தவறில்லை. இழுத்து இறுக்கினால் வயிற்றின் அழுத்தம் எங்கே போகும்? கீழேதான், பிரசவத்தில் ஏற்கெனவே இழுபட்ட தசையின்மேல்தான். கிழிசல் ஆசனவாய் வரை போய்த் தையல் போட்டிருந்தால், 6 வாரத்துக்குப் பிறகு கட்டாயம் காட்ட வேண்டும்.

இனி வலி.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல், வலிமிக்க சிறுநீர்ப்பை நோயோடு தளத் தசையில் தொட்டால் வலியும் உள்ளவர்களுக்குக் கையால் செய்யும் இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சை தரச் சொல்கிறது. கீகல் போன்ற வலுவூட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 2012இல் வெளியான ஒரு பரிசோதனையில் இத்தகைய 81 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தளத் தசையையும் சுற்றியுள்ள திசுக்களையும் கையால் தளர்த்தும் சிகிச்சை, இன்னொரு பகுதிக்கு உடம்பு முழுவதும் சாதாரண மசாஜ். வாரம் ஒரு மணி நேரம், 10 முறை வரை. தளர்த்தும் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதமும் மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதமும் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள்.

தசை ஏன் இறுகுகிறது? எங்காவது வலி இருந்தால் அதைக் காக்க உடம்பு தானே இறுக்கிக்கொள்ளும். சிறுநீர்த் தொற்று, பிரசவக் கிழிசல், மாதவிலக்கு வலி, கருப்பை உள்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், வால் எலும்பில் அடி, பயம், முன்பு நேர்ந்த வன்முறை. மூல காரணம் ஆறிய பிறகும் இறுக்கம் மட்டும் நிலைத்துவிடும். மணிக்கணக்கில் அடக்கி வைக்கிறவர்களுக்கும், எப்போதும் வயிற்றை உள்ளிழுத்தபடியே நடப்பவர்களுக்கும் இது வரும். பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர் தாடையைத் தளர்த்தினால் கீழேயும் தளர்வதைப் பல சமயம் பார்க்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வையுங்கள். ஒரு கை வயிற்றில். 4 எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். வயிறும் விலாவும் விரியட்டும். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் மெல்லக் கீழே மலர்வதைக் கவனியுங்கள். 6 எண்ணும்வரை விடுங்கள். எதையும் தள்ளாதீர்கள், எதையும் தூக்காதீர்கள். 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. சிலருக்கு முதல் வாரம் கீழே எந்த அசைவும் தெரியாது. அப்போது ஒரு துணியைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தால், இழுக்கும் மூச்சில் துணி அழுந்துவது புரியும்.

அடுத்து, முழங்கால்களை அகட்டிக் குதிகால்மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து நெற்றியைத் தலையணையில் சாய்த்து ஒரு நிமிடம், மூன்று தடவை. சாயாக் கடைகளில் போட்டிருக்கும் குட்டி ஸ்டூல் கிடைத்தால், அதில் முதுகைச் சுவரில் சாய்த்துக் கால்களை விரித்து இரண்டு நிமிடம் உட்கார்வதும் நல்ல நீட்டல். அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வால் எலும்பு வலிப்பவர்கள் நடுவில் ஓட்டை உள்ள மெத்தையைவிடப் பின்பக்கம் வெட்டு உள்ள மெத்தையைத் தேடுங்கள். இரண்டு தொடைக்கும் கீழே ஒவ்வொரு துண்டைச் சுருட்டி வைத்து வால் எலும்பை அந்தரத்தில் விட்டாலும் போதும்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் வருவதில்லை. முதலில் பேச்சு. பிறகு வயிறு, இடுப்பு, தொடை, முதுகு, மூச்சு. உள்சோதனை வேண்டும் என்றால் ஏன் என்று விளக்கி, உங்கள் சம்மதம் கேட்ட பிறகே, கையுறை போட்ட ஒரு விரலால். வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது, முழுதாகத் தளர்கிறதா, தொட்டால் எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். வலிக்கும் முடிச்சில் 10க்கு 4 அல்லது 5 என்று நீங்கள் சொல்லும் அளவுக்கு மட்டும் அழுத்தி, மூச்சோடு 30 முதல் 60 விநாடி காத்திருந்தால் அது இளகும். அதைவிட வலித்தால் தசை இன்னும் இறுகும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. எந்த நொடியிலும் ‘போதும்’ என்று சொல்லலாம். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மணமாகாத பெண்களுக்கு உள்சோதனை இல்லாமலே மூச்சு, நீட்டல், வெளியிலிருந்து தளர்த்தல் இவற்றை வைத்து நிறையச் செய்ய முடியும். உறவில் வலி உள்ளவர்களுக்குச் சிறியதிலிருந்து பெரியதாகப் போகும் வழவழப்பான குழல்களைக் கொடுத்துப் பழக்குவது உண்டு. அதற்குத் தண்ணீரில் கரையும், வழவழப்பூட்டும் பசையே நல்லது. தேங்காய் எண்ணெய் பயன்படுத்துவோர், அது ஆணுறையின் ரப்பரைக் கெடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் குறிப்பு ஆண்களை விட்டுவிட்டது. விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, விந்து வெளியேறும்போது வலி, சிறுநீர் விட்டுவிட்டு வருவது என்றால் ‘புராஸ்டேட் வீக்கம்’ என்ற பெயரில் மருந்துக் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டலத்தை வாங்கி வாங்கி விழுங்குகிறார்கள். அப்படிச் சொல்லப்படும் நோயில் 10க்கு 9க்கு மேல் கிருமி கிடையாது. பலருக்கு இறுகிய தளத் தசையும் சேர்ந்திருக்கும். கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லியை மாதக் கணக்கில் தின்றால் வயிறுதான் கெடும். நாள் முழுக்க லாரி ஓட்டுபவர்களும் மோட்டார் சைக்கிளில் இருப்பவர்களும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்றால் மேலே சொன்ன தளர்த்தும் பயிற்சிகளைத் தொடங்கலாம். புராஸ்டேட் அறுவை செய்யப்போகிறவர்களுக்கு மட்டும் இறுக்கும் பயிற்சி வேண்டும். அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது.

மலச்சிக்கல் இரண்டு பக்கத்தையும் கெடுக்கும். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கயிறுபோல் முன்னுக்கு இழுத்து வளைத்து வைத்திருக்கிறது; குந்தினால் அந்த வளைவு நேராகும். குந்தும் கழிப்பறை இன்னும் உள்ள வீடுகளுக்கு அது வசதி. முழங்கால் வலியால் நாற்காலிக் கழிப்பறைக்கு மாறிய முதியவர்கள் பாதத்துக்குக் கீழே முக்கால் அடி உயரத்துக்குள் ஒரு பலகை வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றட்டும். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயைத் திறந்து மெல்ல விட்டபடி வயிற்றை அகட்டினால் வாசல் திறக்கும். சிலருக்கு முக்கும்போதே அந்தத் தசை திறப்பதற்குப் பதில் மூடிக்கொள்ளும். அவர்களுக்கு எத்தனை மலமிளக்கி கொடுத்தாலும் தீராது; தளர விடக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், காரணமின்றி எடை குறைவது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி உள்ளவர்கள். காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் மியன்மாவும் உள்ளது. கருப்பைக் குழாயிலும் காசநோய் தங்கி நீண்ட நாள் வலியாகவே தெரியும். நீண்ட பிரசவத்துக்குப் பிறகு இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது தசை தளர்ச்சி அல்ல. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவில் விழுந்த துளை, அதற்கு அறுவைதான். இடுப்பு வலியோடு திடீரென்று உட்காரும் இடம் மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; அடுத்த நாள் வரை பொறுக்கக் கூடாது.

யாங்கூன், மண்டலே மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் படித்து வெளிவரும் இயன்முறை மருத்துவர்கள் பெரும்பாலும் பக்கவாதம், எலும்பு முறிவு, முதுகுவலி பார்ப்பவர்கள். ஆகவே போகும் இடத்தில் கேளுங்கள்: இடுப்புத் தளத்துக்குத் தனியாகப் பயின்றவரா? இறுக்கச் சொல்லும் முன் தசை தளர்கிறதா என்று சோதிப்பாரா? சோதிக்காமல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பவரிடம் வலி உள்ளவர்கள் நிற்க வேண்டாம். பர்மிய மொழி சரளமாக வராத பாட்டிமார் ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நெஞ்செரிச்சல் மாத்திரையோடு திரும்புகிறார்கள். கூடப்போகும் மகளோ மருமகளோ அந்த மூன்று நாள் குறிப்பைக் கையில் கொண்டுபோய், எங்கே, எப்போது, எது செய்தால் வலிக்கிறது என்று செயாமாவிடம் (பெண் மருத்துவரிடம்) தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழில் அதே மகளிர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள்: ‘உட்காரும்போதோ உறவின்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலி உள்ளவர்கள் இறுக்கும் பயிற்சியைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே தொடங்கி வலி கூடியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.’

இங்ஙனம்,
இடுப்புத் தளச் சிகிச்சையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
யாங்கூன்.